இனாம் வேண்டாம், விலை சொல்லுங்கள்

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் நிவாரணப் பணிக்குப் போன பலரும் எழுதிய ஒரு காட்சி உண்டு. சாலையோரம் முழுக்கத் துணிக் குவியல். ஊர் ஊராக வசூலித்து லாரியில் ஏற்றி அனுப்பிய பழைய சேலைகள், பொத்தான் போன சட்டைகள், கிழிந்த பேன்ட்கள், அந்தக் கடற்கரை வெயிலில் யாருமே போடமுடியாத கம்பளி ஸ்வெட்டர்கள். எடுத்துக்கொள்ள ஆளில்லாமல் அவை மழையில் நனைந்து மக்கின. வீடு, படகு, வலை எல்லாவற்றையும் இழந்த மீனவர் குடும்பங்களில் பலர் அந்தக் குவியலைத் தொடவே மறுத்துவிட்டார்கள்.

தூரத்தில் இருந்து பார்ப்பவர்களுக்கு இதைத் திமிர் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் இதே மறுப்பு, இதைவிடக் கொஞ்சம் நாகரிகமான வடிவத்தில், சுமார் நூறு வருடங்களுக்கு முன் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஏழைகளிடம் இருந்தும் வந்தது. அங்கே இருந்த ஒரு பாதிரியார் அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வியாபார யோசனையாக எடுத்துக்கொண்டார். இன்றைக்கு அமெரிக்காவில் எந்த ஊருக்குப் போனாலும் கண்ணில் படுகிற 'த்ரிஃப்ட் ஸ்டோர்' என்ற பழைய சாமான் கடையின் கதையில் அவர் ஒரு முக்கியமான ஆள். மேல்படிப்புக்குப் போகும் நம் மாணவர்கள் முதல் மாதம் தட்டு, போர்வை, குளிர்கோட்டு வாங்க ஓடுகிற கடையும் அதுதான்.

த்ரிஃப்ட் என்றால் சிக்கனம். ஆனால் இந்தக் கடைகள் சிக்கனத்தில் பிறந்தவை அல்ல. அபரிமிதத்தில் பிறந்தவை. அதைப் புரிந்துகொள்ள இன்னும் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

துணி சொத்தாக இருந்த காலம்

நெசவும் தையலும் கையால் நடந்த காலத்தில் துணி பெரிய சொத்து. ஐரோப்பாவில் உயில் எழுதும்போது நிலம், பாத்திரம் ஆகியவற்றோடு 'என் நீலக் கோட்டு இன்னாருக்கு' என்றும் எழுதினார்கள். அடகுக் கடையில் நகைக்குப் பதில் சட்டையை வைத்துப் பணம் வாங்கினார்கள். திருடனும் வீடு புகுந்தால் துணியைத் தூக்கினான். எஜமானியின் பழைய கவுன் வேலைக்காரிக்குப் போகும்; அவள் அதைப் போடுவாள் அல்லது விற்பாள்; அது இன்னும் இரண்டு மூன்று கை மாறும். லண்டன் கோட்டைக்குக் கிழக்கே 'ராக் ஃபேர்' என்று ஒரு கந்தல் சந்தை இருந்தது. 1851 வாக்கில் லண்டன் ஏழைகளின் வாழ்க்கையை நேரில் விசாரித்து எழுதிய ஹென்றி மேஹ்யூ, தெருத் தெருவாகக் கூவிப் பழைய துணி வாங்கிய வியாபாரிகளைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார்.

கடைசியில் உடுத்தவே முடியாத கந்தலாகிப் போனாலும் விலை உண்டு. ஏனென்றால் மேற்கு நாடுகளில் 19ஆம் நூற்றாண்டின் பாதி வரை காகிதம் கந்தல் துணியில் இருந்துதான் வந்தது. போதாததற்கு 1813இல் இங்கிலாந்தின் பேட்லி என்ற ஊரில் பெஞ்சமின் லா என்பவர் பழைய கம்பளியைப் பிய்த்துத் திரும்பவும் நூலாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அந்தத் துணிக்கு 'ஷாடி' என்று பெயர். மட்டமானது என்ற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் இன்றைக்கும் புழங்குகிற அதே சொல்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஷாடித் துணியில் தைத்த சீருடைகள் சீக்கிரமே நைந்து போனதால், பெயர் அப்படியே கெட்டுப் போய்விட்டது. (இந்த ஷாடி பின்னால் ஒருமுறை வரும், அதனால் ஞாபகம் வைத்துக்கொள்ளவும்.)

ஆக, அந்தக் காலத்தில் யாரும் துணியைச் சும்மா கொடுக்கவில்லை. நம் ஊர்களில் பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பவர் தெருவில் வந்தால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். நாலு சேலையைப் போட்டு ஒரு குண்டான் வாங்க அரைமணி நேரம் பேரம் நடக்கும். பட்டுச் சேலை நைந்து போனால் ஜரிகைக்கு என்று தனியே விலை பேசுவார்கள். பழசுக்கு விலை இருக்கும் இடத்தில் தானம் வளர்வது கஷ்டம்.

19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் இந்தக் கணக்கு மாறியது. ஐசக் சிங்கரின் தையல் இயந்திரம் காப்புரிமை பெற்றது 1851இல். ஆயத்த ஆடைகள் மலிந்தன. காகித ஆலைகள் கந்தலை விட்டுவிட்டு மரக்கூழுக்கு மாறின. நகரத்து நடுத்தர வர்க்கத்து வீடுகளில் முதல் முறையாக, என்ன செய்வது என்று தெரியாத பழைய சாமான்கள் சேர ஆரம்பித்தன. அதே நகரத்தின் இன்னொரு மூலையில் வேலையில்லாத ஆயிரக்கணக்கான மனிதர்கள். இரண்டையும் முடிச்சுப் போட வேண்டும் என்று முதலில் பெரிய அளவில் யோசித்தவர் வில்லியம் பூத்.

வீட்டுக் கழிவும் வேலையில்லாத கையும்

வில்லியம் பூத்தும் அவர் மனைவி கேதரினும் 1865இல் கிழக்கு லண்டனில் ஆரம்பித்த மிஷன்தான் 1878இல் இரட்சணிய சேனை என்று பெயர் மாறியது. நாகர்கோவில்காரர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல, அங்கே உள்ள கேதரின் பூத் மருத்துவமனை இவர்களுடையதுதான். 1890இல் பூத் வெளியிட்ட ஒரு புத்தகத்தில் லண்டன் வறுமையை ஒழிக்கப் பல திட்டங்களை அடுக்கினார். அதில் ஒன்று 'வீட்டுக் கழிவுப் படை'. வேலையில்லாத ஆட்கள் வீடு வீடாகப் போய்ப் பழைய துணி, செருப்பு, புட்டி, காகிதம் எல்லாவற்றையும் சேகரிப்பார்கள். சேகரித்ததைப் பழுது பார்த்து விற்பார்கள். விற்ற காசில் அவர்களுக்கே சாப்பாடும் தங்க இடமும்.

இந்தத் திட்டம் பெரிதாக வளர்ந்தது அமெரிக்காவில்தான். 1890களின் பிற்பகுதியில் நியூயார்க் போன்ற நகரங்களில் இரட்சணிய சேனையின் தள்ளுவண்டிகள் ஓட ஆரம்பித்தன. அப்போது (1896 முதல் 1904 வரை) அமெரிக்க இரட்சணிய சேனைக்குத் தலைமை வகித்தவர்கள் ஃபிரடெரிக் பூத்-டக்கரும் அவர் மனைவி எம்மாவும். எம்மா 1903இல் ஒரு ரயில் விபத்தில் இறந்தார். இந்த ஃபிரடெரிக் பிறந்தது இந்தியாவில். ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்து வேலையை விட்டுவிட்டு, 1882இல் பம்பாயில் சேனையைத் தொடங்கியவர். வேட்டி, தலைப்பாகை கட்டிக்கொண்டு ஃபக்கீர் சிங் என்ற பெயரில் ஊர் ஊராக நடந்தவர். நம் ஊரில் பிச்சைப் பாத்திரம் ஏந்தி நடந்த ஒரு வெள்ளைக்காரர், அமெரிக்காவில் பழைய சாமான் வண்டிகளுக்குத் தலைவரானது சரித்திரத்தின் சின்ன வேடிக்கைகளில் ஒன்று.

இங்கே மறைக்கக் கூடாத ஒரு விஷயம் உண்டு. அமெரிக்க நகரங்களில் அதுவரை பழைய துணி வியாபாரம் பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பாவில் இருந்து வந்த யூதர்களின் கையில் இருந்தது. அவர்கள் கடையில் இருக்கும் துணி அழுக்கு, நோய் பரப்பும், திருட்டுச் சாமான் என்றெல்லாம் பத்திரிகைகளும் பொதுமக்களும் பேசிக்கொண்டிருந்தார்கள். அதே துணி தேவாலயத்தின் பெயரில் விற்கப்பட்டபோது அது நல்ல காரியமாகிவிட்டது. 'ஜங்க் ஷாப்' போய் 'த்ரிஃப்ட் ஸ்டோர்' வந்தது. சரக்கு ஒன்றுதான், போர்டுதான் வேறு. த்ரிஃப்ட் ஸ்டோரின் வெற்றியில் ஒரு பங்கு இந்த வெறுப்புக்கும் உண்டு என்பதைச் சொல்லாமல் வெறும் தர்மக் கதையாகச் சொல்வது சரியாக இருக்காது.

பாஸ்டன் பாதிரியாரின் சாக்கு

இப்போது ஆரம்பத்தில் சொன்ன பாதிரியார். பெயர் எட்கர் ஹெல்ம்ஸ், மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர், பிறந்தது 1863இல். 1895 முதல் பாஸ்டனின் சவுத் எண்ட் பகுதியில் இருந்த மார்கன் சேப்பலில் வேலை பார்த்தார். சுற்றிலும் புதிதாகக் கப்பலில் வந்திறங்கிய குடியேறிகள். 1893இல் ஆரம்பித்த பொருளாதார வீழ்ச்சியின் அடி அப்போது முழுசாகத் தீர்ந்திருக்கவில்லை.

குட்வில் அமைப்பு தன் வரலாறாகச் சொல்லும் கதை இது. 1902இல் ஹெல்ம்ஸ் ஒரு சணல் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு பாஸ்டனின் பணக்காரத் தெருக்களில் வீடு வீடாகப் போய்ப் பழைய துணியும் செருப்பும் கேட்டார். நிறையவே கிடைத்தது. தேவாலயத்துக்குக் கொண்டுவந்து ஏழைகளைக் கூப்பிட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவர்களோ இனாமாக வாங்கிக்கொள்ளத் தயங்கினார்கள். ஏதாவது ஒரு விலை போடுங்கள், கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள்.

ஹெல்ம்ஸ் விலை போட்டார். மிகக் குறைந்த விலைதான். அப்படி வந்த காசைக் கொண்டு, வேலையில்லாத அதே ஏழைகளில் சிலரைத் துணி தைக்கவும் செருப்பு செப்பனிடவும் கூலிக்கு வைத்தார். பழுது பார்த்ததால் துணிக்கு இன்னும் கொஞ்சம் விலை கிடைத்தது. அதில் இன்னும் சிலருக்குக் கூலி. வீடுகளுக்குக் காலிச் சாக்குகளைக் கொடுத்துவிட்டு, நிரம்பியதும் எடுத்துவரும் ஏற்பாடும் வந்தது. 1905இல் இது முறையான நிறுவனமாகப் பதிவானது.

வணிகவியல் படிப்பவர்கள் இதை ஒரு வியாபாரக் கணக்காக எழுதிப் பார்க்கலாம். பற்றுப் பக்கத்தில் 'கொள்முதல்' என்ற இடத்தில் சுழியம். சரக்கு சும்மா வருகிறது. ஆனால் அந்தச் சரக்கு அப்படியே விற்காது. வண்டி வாடகை, தரம் பிரிக்கும் கூலி, வெளுக்கும் கூலி, தையல் கூலி. அதாவது செலவு முழுவதும் கூலி. வேறு எந்தக் கடையிலும் கூலியைக் குறைத்தால்தான் லாபம். இங்கே கூலி கொடுப்பதுதான் கடையின் நோக்கமே! அதனால் லாபம் என்பதற்கே வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. வாங்குபவர் காசு கொடுத்து வாங்கிய வாடிக்கையாளர். தைத்தவர் சம்பளம் வாங்கிய தொழிலாளி. கொடுத்த வீட்டுக்காரருக்கு அலமாரி காலி. யாரும் யாரிடமும் கைநீட்டவில்லை. 'தர்மம் அல்ல, ஒரு வாய்ப்பு' என்பதுதான் அவர்கள் வைத்துக்கொண்ட வாசகம்.

குட்வில் என்ற பெயர் பாஸ்டனில் பிறக்கவில்லை. 1915இல் புரூக்ளினில் இதே மாதிரி நடந்த பட்டறை அந்தப் பெயரை வைத்திருந்தது, பிடித்துப் போய் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கணக்குப் பதிவியலில் குட்வில்லை 'நற்பெயர்', கண்ணுக்குத் தெரியாத சொத்து என்று படிக்கிறோம். இங்கே கண்ணுக்குத் தெரியும் சொத்து எல்லாம் அடுத்தவர் போட்டுக் கழித்தது. உண்மையிலேயே நற்பெயர் ஒன்றுதான் மூலதனம் :-)

எல்லாமே நல்ல கதை என்று நினைத்துவிட வேண்டாம். பின்னாட்களில் குட்வில் ஊனமுற்றவர்களுக்கு வேலை கொடுப்பதில் அதிகக் கவனம் செலுத்தியது. ஆனால் 1938ஆம் வருட அமெரிக்கத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு பிரிவு, ஊனமுற்றவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுக்க அனுமதி தருகிறது. குட்வில்லின் சில வட்டாரக் கிளைகள் அந்த அனுமதியைப் பயன்படுத்தியது 2013 வாக்கில் பெரிய விமர்சனத்துக்கு உள்ளானது. கூலி கொடுப்பதற்கென்றே ஆரம்பித்த கடையில் கூலியை நறுக்கினால் கேள்வி வரத்தானே செய்யும்?

கோட்டை அனுப்பாதே, காசை அனுப்பு

ஹெல்ம்ஸ் இறந்தது 1942இல். அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு தேவாலயத்தில் சிலர் கூடினார்கள். ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் கிரீஸைப் பிடித்து வைத்திருந்த நேரம். பிரிட்டனோ எதிரிக்கு எதுவும் போகக்கூடாது என்று கடல் வழியை மறித்திருந்தது. நடுவில் கிரேக்க மக்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தார்கள். முற்றுகையைத் தளர்த்தி உணவை உள்ளே விடுங்கள் என்று தங்கள் சொந்த அரசாங்கத்தையே கேட்பதற்காகக் கூடிய கூட்டம் அது. போர் நடக்கும்போது இப்படிக் கேட்பதற்கு நிஜமாகவே தைரியம் வேண்டும். பஞ்ச நிவாரணத்துக்கான ஆக்ஸ்ஃபோர்டு குழு என்று பெயர் வைத்தார்கள். தந்தி முகவரிக்காகச் சுருக்கிய 'ஆக்ஸ்ஃபாம்' என்ற பெயர் 1965இல் அதிகாரப்பூர்வமானது.

போர் முடிந்தபின் கிரீஸுக்காகப் பொருள் கேட்டபோது, கேட்டதைவிட அதிகமாக வந்து குவிந்தது. வந்ததில் பாதி கிரீஸுக்குத் தேவைப்படாதவை. என்ன செய்வது? குழுவின் செயலாளர் சிசில் ஜாக்சன்-கோல் அடிப்படையில் ஒரு வியாபாரி. 1947 டிசம்பரில் ஆக்ஸ்ஃபோர்டின் பிராட் ஸ்ட்ரீட் 17ஆம் எண்ணில் கடை திறந்தது. (பிரிட்டனில் இதற்கு முன்பே இப்படிப்பட்ட கடைகள் உண்டு. எடின்பரோவில் 1937இல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சேவை அமைப்பு ஒன்று பழைய சாமான் கடை திறந்தது.) 1949இல் ஜோ மிட்டி என்பவர் சம்பளத்துக்குச் சேர்ந்து கடையைக் கவனித்துக்கொண்டார். எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் விற்றுவிடுவார் என்று அவருக்குப் பெயர். உயிரோடு ஒரு கழுதையைக்கூட விற்றிருக்கிறார்!

நேரமும் அமைந்தது. 1941 முதல் 1949 வரை பிரிட்டனில் துணிக்கு ரேஷன். காசு இருந்தாலும் கூப்பன் இல்லாமல் புதுத் துணி வாங்க முடியாது. பழைய துணிக்குப் பெரும்பாலும் கூப்பன் தேவைப்படவில்லை. அதனால் வசதியான குடும்பங்களுக்கும் பழசு வாங்குவது கௌரவக் குறைச்சலாகத் தெரியவில்லை.

ஹெல்ம்ஸ் கடையில் துணியைக் கொடுத்த ஊரிலேயே ஏழைகளும் இருந்தார்கள். ஆக்ஸ்ஃபாமுக்கு அப்படி இல்லை. 1951இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது ஆக்ஸ்ஃபாம் உதவிக்கு வந்தது. ஐரோப்பாவைத் தாண்டி அது கை கொடுத்த முதல் பஞ்சங்களில் அது ஒன்று. பீகார் விவசாயிக்கு ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியரின் ஓவர்கோட்டால் என்ன பயன்? கப்பல் கூலிதான் தண்டம். கோட்டை ஆக்ஸ்ஃபோர்டிலேயே இன்னொரு பேராசிரியருக்கு விற்றுவிட்டுக் காசை அனுப்பினால் தானியம் வாங்கலாம். பார்க்கச் சின்ன விஷயம்தான். நாகப்பட்டினத்துக்கு ஸ்வெட்டர் ஏற்றி அனுப்பியவர்களுக்கு ஐம்பது வருடம் கழித்தும் தோன்றாத விஷயமும் அதுதான்.

அரசாங்கமும் கை கொடுத்தது. பிரிட்டனில் தானமாக வந்த பொருளை அறக்கட்டளைக் கடை விற்றால் மதிப்புக் கூட்டு வரி சுழிய விகிதம். கட்டிட வரியில் 80 சதவீதம் கட்டாயத் தள்ளுபடி. அமெரிக்காவில் 1917 முதலே தானத்துக்கு வருமான வரிக் கழிவு உண்டு. கடையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தொண்டர்கள். பக்கத்துக் கடைக்காரர் இவ்வளவு சலுகை எனக்கு இல்லையே என்று புலம்புவதில் நியாயம் இல்லாமல் இல்லை.

விலை போடும் வித்தை

இந்தக் கடைகளில் விலை எப்படிப் போடுகிறார்கள் என்பது சுவாரசியமானது. சாதாரணக் கடையில் அடக்க விலை தெரியும், அதன்மேல் லாபம் வைத்தால் போதும். இங்கே அடக்க விலை இல்லை. ஒரே மாதிரி இரண்டு பொருள் இல்லை. போன வாரம் நன்றாகப் போனது என்று மறுபடியும் ஆர்டர் போட முடியாது. பிரிக்கும் மேசையில் நிற்பவர் ஒரு பார்வையில் முடிவு செய்ய வேண்டும். அமெரிக்கக் கடைகள் பலவற்றில் விலைச் சீட்டுக்கு நிறம் வைத்திருக்கிறார்கள். இந்த வாரம் வந்த சரக்குக்கு மஞ்சள், அடுத்த வாரம் நீலம் என்று மாறும். சில வாரம் விற்காமல் தொங்கினால் அந்த நிறம் முழுக்கப் பாதி விலை. அப்போதும் போகாவிட்டால் குட்வில்லின் அவுட்லெட் கடைக்குப் போகும். அங்கே பெரிய தொட்டிகளில் கொட்டி எடை போட்டு விற்பார்கள். விடிந்ததும் வரிசையில் நின்று தொட்டியைக் கிளறி, நல்லதைப் பொறுக்கி இணையத்தில் விற்றே பிழைப்பவர்களும் இருக்கிறார்கள்.

வாங்குபவர்களும் மாறிவிட்டார்கள். 1960களின் ஹிப்பிகள், 1990களின் கிரஞ்ச் இசைக்காரர்கள் என்று ஒவ்வொரு தலைமுறையும் பழைய சட்டையை நாகரிகமாக்கியது. 2013 ஜனவரியில் 'த்ரிஃப்ட் ஷாப்' என்ற பெயரிலேயே மெக்லமோர் பாடிய பாட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. 1954இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆரம்பித்து, அறக்கட்டளைகளிடம் பழைய துணியை விலைக்கு வாங்கி விற்கும் சேவர்ஸ் என்ற லாப நோக்குள்ள நிறுவனம் 2023இல் நியூயார்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. வசதியானவர்கள் வேட்டைக்கு வர ஆரம்பித்தால், வேறு வழியில்லாமல் அங்கே வாங்கியவர்களின் கதி என்ன என்ற கேள்வியும் கூடவே வந்திருக்கிறது.

மூட்டை போகும் ஊர்கள்

தொட்டியிலும் விற்காதது கந்தல் வியாபாரிக்குக் கிலோ கணக்கில் போகிறது. அவர் அதை இறுக்கிக் கட்டிக் கப்பல் ஏற்றுகிறார். கிழக்கு ஆப்பிரிக்காவில் இதற்கு 'மிடும்பா' என்று பெயர், ஸ்வாஹிலியில் மூட்டைகள் என்று அர்த்தம். ஜாம்பியாவில் 'சலாவுலா', குவியலைக் கிளறிப் பொறுக்குவது. கானாவில் சொல்லும் பெயருக்குச் செத்துப்போன வெள்ளைக்காரனின் துணி என்று பொருள். இவ்வளவு நல்ல துணியை உயிரோடு இருக்கும் ஒருவன் ஏன் தூக்கிப் போடப் போகிறான் என்று அவர்கள் நினைத்ததில் என்ன தப்பு?

அக்ராவின் கந்தமந்தோ சந்தையில் மூட்டையைப் பிரிக்காமலே விலைக்கு வாங்க வேண்டும். உள்ளே நல்லது இருந்தால் லாபம், கறையும் கிழிசலுமாக இருந்தால் கடன். ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகள் தினமும் இந்தச் சூதாட்டத்தை ஆடுகிறார்கள். 2025 ஜனவரி முதல் தேதி இரவு பிடித்த தீயில் அந்தச் சந்தையின் பெரும்பகுதி எரிந்து போனது.

உள்ளூர் நெசவும் தையலும் இந்த மூட்டைகளால் நசிந்துபோகிறது என்று கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் 2016இல் இறக்குமதியைப் படிப்படியாக நிறுத்த முடிவு செய்தன. அமெரிக்கப் பழைய துணி வியாபாரிகள் சங்கம் தன் அரசிடம் முறையிட்டது. வரிச் சலுகையை நிறுத்துவோம் என்று அமெரிக்கா மிரட்ட, கென்யா, உகாண்டா, தான்சானியா பின்வாங்கின. ருவாண்டா மட்டும் பணியவில்லை. கிலோவுக்கு 20 சென்டாக இருந்த வரியை இரண்டரை டாலராக உயர்த்தியது. 2018இல் அதன் ஆயத்த ஆடைகளுக்கு இருந்த சலுகையை அமெரிக்கா நிறுத்தியது. தானமாகக் கொடுத்த சட்டையை வாங்க மாட்டேன் என்று சொன்னதற்கு ஒரு நாட்டுக்கு அபராதம்! பாஸ்டன் ஏழைகளுக்காவது விலை பேச ஒரு பாதிரியார் கிடைத்தார்.

இந்தியா பழைய துணியை உடுத்துவதற்காக இறக்குமதி செய்வதைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. கத்தரித்துச் சிதைத்த கந்தலாக வரலாம். குஜராத்தின் காண்ட்லா வழியாகவும் மற்ற துறைமுகங்கள் வழியாகவும் வரும் கம்பளிக் கந்தல் ஹரியானாவின் பானிபட்டுக்குப் போகிறது. அங்கே பெண்கள் அரிவாள்மணை மாதிரியான கத்தியின் முன் உட்கார்ந்து பொத்தானையும் ஜிப்பையும் அறுத்து, நிறம் பார்த்துக் குவிக்கிறார்கள். பிறகு பிய்த்து நூலாக்கிக் கம்பளி நெய்கிறார்கள். பேட்லியில் 1813இல் ஆரம்பித்த அதே ஷாடி. இந்த மலிவுக் கம்பளிகளை நிவாரண நிறுவனங்கள் மொத்தமாக வாங்கி, பூகம்பம், வெள்ளம் நடந்த இடங்களில் கொடுக்கின்றன. லண்டனில் யாரோ பையில் கட்டிக் கடை வாசலில் வைத்த கோட்டு, நான்கைந்து முறை விற்கப்பட்டு, கடைசியில் ஒருவழியாக இனாமாகிறது.

குவியல் என்ன ஆனது?

நாகப்பட்டினத்துக் குவியலுக்குத் திரும்புவோம். டெல்லியில் அன்ஷு குப்தா 1999இல் ஆரம்பித்த கூஞ்ச் என்ற அமைப்பு, சுனாமிக்கு வந்து தேங்கிப்போன துணிகளில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, தமிழ்நாட்டிலேயே வைத்துத் தரம் பிரித்தது. உடுத்தக்கூடியது, தைத்தால் ஆகக்கூடியது, துணியாக மட்டும் பயன்படக்கூடியது என்று ஒவ்வொன்றாக. ஹெல்ம்ஸின் பட்டறையில் நடந்த வேலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் கூஞ்ச் கடை திறக்கவில்லை. அவர்கள் போகும் கிராமங்களில் பெரும்பாலும் கொடுக்கக் காசு இருக்காது. அதற்காக இனாமாகவும் கொடுப்பதில்லை. ஊர்க்காரர்கள் கூடி, தங்கள் ஊருக்கு என்ன வேலை ஆக வேண்டும் என்று அவர்களே முடிவு செய்ய வேண்டும். கிணறு தூர்வாருவது, பாதை போடுவது, ஓடைக்கு மேலே மூங்கில் பாலம் கட்டுவது, எதுவாகவும் இருக்கலாம். வேலை முடிந்ததும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் ஆட்களுக்கு ஏற்ற துணிகளை எண்ணிக் கட்டிய ஒரு மூட்டை கூலியாக வரும். அன்ஷு குப்தாவுக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது.

அந்த மூட்டைகளில் உள்ள சட்டைகளில் பொத்தான் இருக்கிறதா, பாவாடையில் நாடா கோத்திருக்கிறதா என்று கட்டுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுகிறார்கள்.